கட்டம் பதினேழு

நான்கு குழாய்த் துண்டு, நான்கு எல்போ.
ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
தில்லியின் தெற்கு ஓரத்தில், கல் வெட்டி ஓய்ந்த பள்ளத்தில்
இந்தச் சதுரத்தைப் போட்டுவிட்டுக் குனிந்தால்
உலகம் அவ்வளவுதான்.

உள்ளே செம்மண் பொருக்கு. கண்ணாடிச் சில்லு இரண்டு.
நீல்காய் போட்டுவிட்டுப் போன புழுக்கை.
பெயர் தெரியாத ஒரு புல்
(தேபாஞ்சனாவுக்குத் தெரியும். அவள் விடுப்பில்).
1704 என்று பொறித்த தகரத்தோடு ஒரு குச்சி.

குச்சியை நகத்தால் கீற வேண்டும்.
தோலுக்குக் கீழே பச்சை என்றால் உயிர்,
பழுப்பு என்றால் படிவத்தில் ஒரு கோடு.
நேற்று மட்டும் நாற்பத்தொரு கோடு.

மரத்தின் பெயர் தௌ. தமிழில் பெயரில்லை.
நம் மலைகளில் இதன் பங்காளி உண்டு, வெக்காலி.
ஆயிரம் விதை போட்டோம், மூன்று முளைத்தது.
ஆடு கடித்துக்கொண்டே இருந்தால் இது மரமாகாது,
பாயாகும்.
பாறையோடு பாறையாக வருஷக்கணக்கில் படுத்துக் கிடக்கும்,
கடிக்கிற வாயை விலக்கினால்
எழுந்து நிற்கும்.
தேர்வில் இதை நான்கு மதிப்பெண்ணுக்கு எழுதியவள்
இங்கு வந்த முதல் வாரம் முழுக்க
அந்தப் பாயின் மேல் உட்கார்ந்துதான் மதியச் சோறு தின்றிருக்கிறேன்,
தெரியாமல்.

சுற்றிலும் விலாயதி கீக்கர்.
ஷக்கூரன் அந்தப் பெயரைச் சொன்ன அன்று சிரித்துவிட்டேன்.
விலாயதி என்றால் சீமை.
இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி
அதே முள்ளை
அதே சொல்லால் வைகிறார்கள்.
என்ன சிரிப்பு, என்றாள், அரிவாளை இடுப்பில் செருகியபடி.
என் இந்தி அவ்வளவு தூரம் போகாது.

போயிருந்தால் சொல்லியிருப்பேன்:
முதுகுளத்தூர்ப் பக்கம் என் அப்பா மூட்டம் போடுகிறவர்.
சீமைக்கருவேலை அடுக்கி, மண் பூசி,
புகையின் நிறம் மாறுகிறதா என்று விடிய விடிய விழித்து
கரியாக்கி மூட்டை கட்டுவார்.
என் விடுதிக் கட்டணம் அந்த மூட்டை.
இந்தக் காலணியும்.
ஆய்வேட்டின் முதல் பத்தியில் நான் எழுதியிருப்பதோ,
'அகற்றப்பட வேண்டிய அயல் இனம்.'

அங்க என்னதாம்மா படிக்கிற, என்றார் ஒருநாள் போனில்.
வேலிக்கருவைய எப்படி ஒழிக்கிறதுன்னுப்பா.
லாரி ஒன்று கடக்கும் சத்தம் கேட்டது.
பிறகு அவர்: மொத்தமா ஒழிச்சுராதீங்க.
சிரித்தாரா என்று
இன்றுவரை தெரியவில்லை.

ஒழிக்கவும் இல்லை.
முதல் வருஷம் வேரோடு பிடுங்கினோம்,
ஜூன் வெயில் எங்கள் நாற்றுகளைப் பிடுங்கியது.
இப்போது கிளையை மட்டும் கழிக்கிறோம்.
வெட்டிய கிளை ஷக்கூரனின் அடுப்புக்கு,
விட்ட கிளையின் நிழல் தௌவுக்கு.
பகையாளி குடை பிடிக்க, அதன் கீழே
இவன் வளர வேண்டும்.
வளர்ந்ததும் குடையை வெட்ட வேண்டும்.
இதை எந்த மொழியில் சொன்னாலும்
கொஞ்சம் துரோகம் மாதிரிதான் இருக்கிறது.

நீங்க நடுற மரம் எரியுமா, என்று ஷக்கூரன் கேட்டாள்.
நல்லா எரியும், ஆனால் எரிக்கக் கூடாது.
அப்ப யாருக்கு?

இந்தப் பள்ளத்தின் மணல்
எந்தெந்த அடுக்குமாடியின் எந்தச் சுவருக்குள்ளோ இருக்கிறது.
குன்றை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.
சீரமைப்பு என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தவர்
இங்கே குனிந்து பார்த்திருக்க மாட்டார்.

1704.
கீறுகிறேன். பழுப்பு.
இன்னும் இரண்டு விரல் கீழே. பழுப்பு.
மண்ணை விலக்கி, வேரின் கழுத்தருகே
ஒரு நூல் கனம்.
அது பச்சையா,
என் கண்ணுக்கு வேண்டிய நிறமா?
படிவத்தில் அதற்கு இடமில்லை.
மேட்டின் மேல் சுமையோடு நின்று ஷக்கூரன் கூப்பிடுகிறாள்,
வெயில் ஏறுகிறதாம்.

பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுக்கிறேன்.
உயிர்.

அடுத்து, 1705.